எல்லை ஊரில் வரியும் அபராதமும் கட்டும் முறை: பாலக்காட்டுக் கிழக்குப் பகுதித் தமிழர்களுக்கான முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் என்று பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில் வசிக்கும் தமிழர் ஒருவர் ஒரே ஆண்டில் மூன்று அரசுகளுக்குப் பணம் கட்ட நேர்வது இங்கே சாதாரணம். தோப்புக்கும் வீட்டுக்கும் கேரள அரசுக்குக் கரம் (வரி) தீர்க்க வேண்டும். பொள்ளாச்சியில் கடையோ கோவையில் வீடோ இருந்தால் தமிழ்நாட்டுக்கும் கட்ட வேண்டும். வருமான வரி மத்திய அரசுக்குப் போகும். நோட்டீஸ் கையில் கிடைத்ததும் பெரும்பாலோர் கேட்பது "எங்கே கட்டுவது, ஜிபேயில் கட்டலாமா" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தப் பணம் எந்த அரசின் கருவூலத்துக்கு, எந்தத் துறையின் கணக்கில், எந்தத் தலைப்பின் (கணக்குப் பிரிவின்) கீழ் போய்ச் சேர வேண்டும்? தவறான தலைப்பில் கட்டிய தொகை அரசிடம் இருந்தாலும் உங்கள் பெயரில் நிலுவை அப்படியே நிற்கும். வட்டியும் ஏறிக்கொண்டே போகும்.

முதலில் நோட்டீஸை வாசிப்பது

நோட்டீஸில் ஐந்து விவரங்களைத் தேடி எடுத்துத் தனியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: அனுப்பிய அலுவலகம், சட்டமும் பிரிவும், நோட்டீஸ் எண் அல்லது கோரிக்கை எண், எந்த ஆண்டுக்கு உரியது என்பது, கட்ட வேண்டிய கெடு. தொகையைப் பார்க்கும்போது மொத்தத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அதில் வரி எவ்வளவு, வட்டி எவ்வளவு, அபராதம் எவ்வளவு என்று பிரித்தும் பாருங்கள். கட்டும்போது படிவத்தில் இந்தப் பிரிவுகள் தனித்தனிக் கட்டங்களாக வரும். வரிக்கு உரிய கட்டத்தில் அபராதத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் பின்னர் திருத்துவதற்கு அலைய நேரிடும்.

வருமான வரித் துறை 1.10.2019 முதல் அனுப்பும் கடிதங்களில் ஆவண அடையாள எண் ஒன்று அச்சாகியிருக்கும். அதைத் துறையின் இணையதளத்தில், உள்நுழையாமலேயே, கொடுத்துச் சரிபார்க்கலாம். இதைச் செய்யாமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். வாட்ஸ்அப்பில் "உங்கள் வாகனத்துக்கு அபராதம்" என்ற செய்தியோடு ஏபிகே கோப்பு (கைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) ஒன்று வந்தால், அதைத் திறக்காமலே அழித்துவிடுங்கள்; அரசு எந்த அபராதத்தையும் அவ்வாறு கோப்பு அனுப்பி வசூலிப்பதில்லை. உண்மையான தளங்களின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். கூகுளில் தேடி மேலே விளம்பரமாக வரும் இணைப்பைத் தொடுவதைவிட முகவரியை நீங்களே தட்டச்சு செய்வது பாதுகாப்பானது.

வில்லேஜ் ஆபீஸ் நோட்டீஸ் மலையாளத்தில் வந்து புரியவில்லை என்றால் தயங்க வேண்டியதில்லை. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைமைகளோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களோடும் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை தருகிறது. பதிலும் தமிழில் வர வேண்டும். எங்கள் பக்கத்தில் இந்த உரிமையைப் பயன்படுத்துவோர் குறைவு. தமிழில் ஒரு மனு எழுதி, நோட்டீஸின் நகலை இணைத்து, இன்னொரு பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொண்டால் போதும்.

வாகன அபராதம்

பொள்ளாச்சிப் பதிவான டிஎன் 41 வண்டியும் சித்தூர்ப் பதிவான கேஎல் 70 வண்டியும் ஒரே நாளில் எல்லையை நாலு முறை கடக்கும் ஊர் இது. "ஏனுங்க, இது நம்ம பக்கத்து ஃபைனா, அந்தப் பக்கத்து ஃபைனாங்க?" என்று கேட்பவர்கள் ஏராளம். வண்டி எந்த மாநிலத்தில் பதிவானது என்பதை வைத்து அபராதம் போவதில்லை. தவறு நடந்த இடம் எந்த மாநிலமோ அந்த மாநிலத்துக்குப் போகும். தொகையும் அதைப் பொறுத்தே அமையும். ஹெல்மெட் இல்லாமல் போனால் கேரளத்தில் 500 ரூபாய், தமிழ்நாட்டில் 1,000 ரூபாய். 2023 ஜூன் மாதம் கேரளம் முழுவதும் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் அபராதம் விதிக்கத் தொடங்கிய பின், போலீஸ்காரர் கையைக் காட்டாமலேயே சலான் வருவது வழக்கமாகிவிட்டது.

கட்டும் முறை இது. பரிவாகன் இ-சலான் தளத்தில் சலான் எண், வாகன எண், ஓட்டுநர் உரிம எண் ஆகிய மூன்றில் ஒன்றைக் கொடுத்துத் தேடலாம். வாகன எண்ணைக் கொடுத்தால் ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸ் எண் அல்லது என்ஜின் எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்களையும் கேட்கும். திரையில் அந்த வாகனத்தின் எல்லாச் சலான்களும், இரு மாநிலங்களுடையவையும், வரிசையாக விரியும். ஒவ்வொன்றிலும் தேதி, இடம், குற்றம், தொகை, நிலை ஆகியவை இருக்கும். கேமரா பிடித்ததாக இருந்தால் படமும் இருக்கும்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் இந்த வேலையில் மிக முக்கியமான ஒரு நிமிடம். நம்பர் பிளேட்டில் 3 என்பதை 8 என்றும் 1 என்பதை 7 என்றும் இயந்திரம் வாசித்துவிடுவது உண்டு. உங்களுடையது வெள்ளை மாருதியாக இருக்க, படத்தில் சிவப்பு ஸ்கூட்டர் நின்றால், பணம் கட்டாமல் அதே தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியில் ஆர்சி நகலோடு புகார் பதியுங்கள். கட்டிவிட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதன்பின் திரும்பக் கேட்பது கடினம்.

விவரம் சரியாக இருந்தால், கட்டும் பொத்தானை அழுத்தி, பதிவான கைபேசிக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தபின், தளம் உங்களை அந்தந்த மாநிலக் கருவூலப் பக்கத்துக்கு அழைத்துச் செல்லும். கேரளச் சலான் என்றால் இ-ட்ரெஷரி பக்கம் திறக்கும். யுபிஐ, டெபிட் கார்டு, நெட் பேங்கிங் ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்து கட்டி, அங்கே தோன்றும் ஜிஆர்என் எண்ணை (அந்தப் பணத்துக்குக் கருவூலம் தரும் குறிப்பு எண்) குறித்துக்கொண்டு, ரசீதைத் தரவிறக்குங்கள். கைபேசி எண் மாறிப்போனவர்களுக்கு ஓடிபி வராது. முதலில் வாகனப் பதிவு விவரங்கள் உள்ள வாகன் தளத்தில் எண்ணைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இணையம் கைகொடுக்காதவர்கள் சலான் விதித்த மோட்டார் வாகன அமலாக்க அலுவலகத்துக்கோ போலீஸ் நிலையத்துக்கோ நேரில் போகலாம். கேரள அரசின் இ-சேவை மையமான அக்ஷயாவிலும் கட்டித் தருவார்கள். சாலையில் நிறுத்தி வாங்கும் அபராதத்துக்கும் அங்கேயே இயந்திர ரசீது தர வேண்டும். ரசீது இல்லாமல் கொடுத்த பணம் எந்தக் கணக்கிலும் ஏறாது என்பதால், அடுத்த மாதம் அதே தவறுக்கான சலான் வீடு தேடி வந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

கெடுவுக்குள் கட்டாத சலான்கள் மெய்நிகர் (இணையவழி) நீதிமன்றத்துக்குப் போய்விடும். அப்போது இ-சலான் தளத்தில் கட்ட வழியிருக்காது. நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டது என்று மட்டும் காட்டும். இந்த இடத்தில்தான் பலர் 'தள்ளுபடி ஆகிவிட்டது' என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அந்த நீதிமன்றத்தின் வீகோர்ட்ஸ் தளத்தைத் திறந்து கேரளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது போலீஸ், போக்குவரத்துத் துறை என்று இரண்டு தனித்தனிப் பிரிவுகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்றில் தேடிக் கிடைக்காவிட்டால் மற்றதில் தேட வேண்டும். சலான் எண்ணையோ வாகன எண்ணையோ கொடுத்து வழக்கைத் திறந்தால், நீதிமன்றம் முன்மொழியும் அபராதத் தொகையும் இரண்டு தேர்வுகளும் தெரியும்: அபராதத்தைக் கட்டுகிறேன், வழக்கை எதிர்கொள்கிறேன். இரண்டாவதைத் தேர்ந்தால் வழக்கு அந்தப் பகுதியின் நேரடி நீதிமன்றத்துக்கு மாறிவிடும். அந்தத் தவறு நடந்தது திருவனந்தபுரத்தில் என்றால் அங்கே ஆஜராக வேண்டிவரும் என்பதை எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள்.

பழைய வண்டியை விற்றுவிட்டு ஆர்சியில் பெயர் மாற்றாமல் விட்டவர்களுக்கு ஒரு சொல்: சலான் உங்கள் பெயருக்குத்தான் வரும். எல்லை தாண்டி விற்கும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது. என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க மெனக்கெட வேண்டுமே என்று இரு தரப்பும் தள்ளிப்போடுவதன் விளைவு இது. சலான் நிலுவையில் இருக்கும்வரை பெயர் மாற்றமும் பர்மிட்டும் எஃப்சியும் (தகுதிச் சான்றும்) சிக்கலாகும்.

பூமிக் கரமும் பஞ்சாயத்து வரியும்

கேரளத்தில் நில வரி வில்லேஜ் ஆபீஸின் பொறுப்பு. கட்டட வரி பஞ்சாயத்தின் பொறுப்பு. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஒன்றைக் கட்டிவிட்டு மற்றதை மறந்துவிடுவது, பொள்ளாச்சியில் இருந்துகொண்டு இந்தப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களிடம் அதிகம்.

நில வரிக்குக் கையில் வேண்டியவை தண்டப்பேர் எண் (வில்லேஜ் ஆபீஸில் உங்கள் நிலக் கணக்கின் எண்), பிளாக் எண், சர்வே எண், உட்பிரிவு எண், கடைசியாகத் தீர்த்த கர ரசீது. கேரள வருவாய்த் துறைத் தளத்தில் கைபேசி எண்ணோடு ஒரு கணக்குத் தொடங்கி, மாவட்டம், தாலூகா, வில்லேஜ் என்று வரிசையாகத் தேர்ந்து இந்த எண்களைப் பதிய வேண்டும். முதல் முறை கட்டுபவர்களின் விவரத்தைப் பல நேரம் வில்லேஜ் ஆபீஸில் சரிபார்த்து ஏற்ற பிறகே தொகை திரையில் வரும். ஆகவே மார்ச் கடைசி வாரத்தில் தொடங்கிவிட்டுப் பதறுவதைவிட ஏப்ரல், மே மாதங்களிலேயே முடித்துவிடுவது நல்லது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் நில வரி 50 சதவீதம் உயர்த்தப்பட்டது. பஞ்சாயத்துப் பகுதியில் 8.1 ஆர் வரையுள்ள நிலத்துக்கு ஓர் ஆருக்கு 5 ரூபாயாக இருந்தது 7.50 ரூபாயானது. எட்டு ஆர், அதாவது ஏறத்தாழ இருபது சென்ட் வைத்திருப்பவருக்கு இது ஆண்டுக்கு 60 ரூபாய். தொகை அற்பமானதுதான், ஆனால் வங்கிக் கடனுக்கும் கிரயத்துக்கும் முதலில் கேட்பது நடப்பு ஆண்டின் கர ரசீதைத்தான்.

பஞ்சாயத்துக் கட்டட வரி அரையாண்டுக் கணக்கில் வரும். முதல் பாதிக்கு செப்டம்பர் 30, இரண்டாம் பாதிக்கு மார்ச் 31 கெடு. இப்போது உள்ளாட்சிச் சேவைகளுக்கான கே-ஸ்மார்ட் தளத்தில் வார்டு எண்ணும் கதவு எண்ணும் கொடுத்துக் கட்டலாம். வார்டு மறுவரையறைக்குப் பிறகு எண்கள் மாறியிருந்தால் பழைய ரசீதோடு பஞ்சாயத்து அலுவலகத்தில் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரரின் வரியை நீங்கள் கட்டினாலும் தளம் தடுக்காது.

வருமான வரி நிலுவையும் அபராதமும்

வருமான வரித் தளத்தில் உள்நுழைந்து, நிலுவைச் செயல்கள் பகுதியில் கோரிக்கைகளின் பட்டியலைத் திறப்பதே நேரான வழி. அங்கே கோரிக்கையின் எதிரில் உள்ள கட்டும் பொத்தானை அழுத்தினால் ஆண்டும் கோரிக்கை எண்ணும் தாமாகவே நிரம்பிவிடும். தவறு நேர வாய்ப்புக் குறைவு. அதே இடத்தில் கோரிக்கையை ஏற்கவில்லை என்றும் காரணத்தோடு பதிலளிக்கலாம். கோரிக்கை நோட்டீஸ் கிடைத்த 30 நாள்களுக்குள் கட்டாவிட்டால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஏறும்.

உள்நுழையாமல் கட்ட விரும்பினால் இ-பே டாக்ஸ் பகுதியில் பான் எண்ணும் கைபேசி எண்ணும் கொடுத்து ஓடிபி பெற வேண்டும். அதன்பின் எந்த வகைப் பணம் என்பதைத் தேர்வது கவனத்துக்குரியது. ரிட்டர்ன் தாக்கலுக்கு முன் நீங்களாகக் கணக்கிட்டுக் கட்டுவது 300 என்ற எண்ணின் கீழும், துறை நோட்டீஸ் அனுப்பிக் கேட்டது 400 என்ற எண்ணின் கீழும் வரும். பழைய ஆண்டுகளின் நோட்டீஸ்களில் மதிப்பீட்டு ஆண்டு என்று குறித்திருப்பது வருமானம் ஈட்டிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டு. 2023-24 வருமானத்துக்கு 2024-25 என்றே தேர வேண்டும்.

பணம் செலுத்த ஐந்து வழிகள் உண்டு: நெட் பேங்கிங், டெபிட் கார்டு, வங்கிக் கவுன்டர், நெஃப்ட் அல்லது ஆர்டிஜிஎஸ், பேமெண்ட் கேட்வே. இங்கே பலருடைய கணக்கு கூட்டுறவு வங்கியில் இருப்பதால், நெட் பேங்கிங் பட்டியலில் அந்த வங்கியின் பெயர் இருக்காது. அவர்களுக்குப் பொருத்தமானது நெஃப்ட்: தளம் தரும் படிவத்தை அச்சிட்டு வங்கியில் கொடுத்தால் அனுப்பிவிடுவார்கள். கவுன்டரில் ரொக்கமாக ஒரு சலானுக்கு (இங்கே சலான் என்பது பணம் கட்டும் படிவம்) 10,000 ரூபாய் வரைதான் வாங்குவார்கள். அதற்கு மேல் காசோலையோ டிடியோ வேண்டும். கேட்வே வழியில் யுபிஐயும் கிரெடிட் கார்டும் செல்லும். கார்டுக்குச் சேவைக் கட்டணம் கூடுதலாகப் பிடிக்கக்கூடும் என்பதால் பெரிய தொகைக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியானாலும் முதலில் சிஆர்என் என்ற சலான் குறிப்பு எண் உருவாகும்; அது 15 நாள்கள் செல்லும். அந்த எண் கிடைத்ததாலேயே பணம் கட்டியதாக ஆகாது. பணம் சேர்ந்த பின்னர் வரும் சின் (சலான் அடையாள) எண்ணும் வங்கியின் ஏழு இலக்க பிஎஸ்ஆர் குறியீடும் தேதியும் உள்ள சலான்தான் ரசீது. தவறான ஆண்டைத் தேர்ந்துவிட்டால் ஏழு நாள்களுக்குள்ளும், தவறான தலைப்பைத் தேர்ந்துவிட்டால் 30 நாள்களுக்குள்ளும் தளத்திலேயே சலான் திருத்தம் கோரலாம். கெடு தாண்டினால் மதிப்பீட்டு அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும்.

ஜிஎஸ்டி: எல்லையில் நிற்கும் லாரி

2017-இல் ஜிஎஸ்டி வந்தபின் வாளையாறில் வணிகவரிச் சோதனைச் சாவடி கிடையாது. ஆனால் பறக்கும் படை எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம். இ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) இல்லாமலோ அதன் நேரம் முடிந்தோ சரக்கு பிடிபட்டால் ஜிஎஸ்டி சட்டத்தின் 129-ஆம் பிரிவு பாயும். சரக்கின் உரிமையாளர் முன்வந்தால் அபராதம் வரியைப்போல் இரு மடங்கு. இரண்டு லட்சம் ரூபாய்க் கொப்பரைக்கு 5 சதவீத வரி 10,000 ரூபாய். அபராதம் 20,000 ரூபாய். தேங்காய் போன்ற வரிவிலக்குள்ள சரக்குக்குச் சட்டம் சொல்லும் அளவு மதிப்பில் 2 சதவீதம் அல்லது 25,000 ரூபாய், இரண்டில் குறைந்தது.

அதிகாரி ஏழு நாள்களுக்குள் நோட்டீஸும், அது கிடைத்த ஏழு நாள்களுக்குள் ஆணையும் தர வேண்டும். பணத்தை ஜிஎஸ்டி தளத்தில் பிஎம்டி-06 சலான் உருவாக்கி மின்னணு ரொக்கப் பேரேட்டில் (அந்தத் தளத்தில் உங்கள் பெயரிலுள்ள பணக் கணக்கில்) செலுத்த வேண்டும். மாநிலம் தாண்டும் சரக்கு என்றால் ஐஜிஎஸ்டி என்ற தலைப்பிலும், அதற்குள் அபராதம் என்ற உட்தலைப்பிலும் தொகையை எழுத வேண்டும். சலானுக்குக் கிடைக்கும் சிபின் எண் 15 நாள் செல்லும். கவுன்டரில் கட்ட 10,000 ரூபாய் வரம்பு இங்கும் உண்டு. நெஃப்டில் அனுப்பினால், நீங்கள் அனுப்பிய தேதியைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். அரசுக் கணக்கில் வரவான தேதிதான் கட்டிய தேதி. கெடுவின் கடைசி நாள் மாலையில் நெஃப்டை நம்பி இருக்க வேண்டாம். ஜிஎஸ்டி பதிவே இல்லாதவர்களுக்கு ஒரு தற்காலிக அடையாள எண் உருவாக்கித்தான் பணம் பெற வேண்டும்; கையில் ரொக்கம் கேட்டால் அந்த எண்ணைக் கேளுங்கள். சரக்குக்காரர் வராமல் லாரி மட்டும் சிக்கிக்கொண்டால், லாரி உரிமையாளர் அந்த அபராதம் அல்லது ஒரு லட்சம் ரூபாய், இரண்டில் குறைந்ததைக் கட்டி வண்டியை மீட்கலாம்.

அவசரத்துக்குப் பணம் கட்டிச் சரக்கை எடுத்தாலும் எம்ஓவி-09 என்ற படிவத்தில் தரும் அபராத ஆணையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டிவிட்டார் என்பதற்காக ஆணை பிறப்பிக்காமல் விட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2025-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆணை இருந்தால்தான் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்ய முடியும். பணம் கட்டாமலே மேல்முறையீடு செய்பவர் அபராதத்தில் 25 சதவீதம் முன்வைப்பு செலுத்த வேண்டும்.

இன்னொரு எல்லைச் சிக்கல் வியாபாரக் கணக்கில் வரும். கொழிஞ்சாம்பாறையில் இருந்து பொள்ளாச்சிக்கு விற்ற சரக்குக்கு, பழக்கதோஷத்தில் மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனைக்கு உரிய சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் கட்டிவிடுவார்கள். அது மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை. ஐஜிஎஸ்டி கட்ட வேண்டும். பணம் இன்னும் பேரேட்டில் இருப்பாக இருந்தால் பிஎம்டி-09 வழியாகச் சரியான தலைப்புக்கு மாற்றிவிடலாம். ரிட்டர்னில் செலவழித்துவிட்டால் ஐஜிஎஸ்டியைப் புதிதாகக் கட்டி, முன்னர் கட்டியதைத் திரும்பக் கேட்க வேண்டும். புதிதாகக் கட்டும் ஐஜிஎஸ்டிக்கு வட்டி கட்ட வேண்டியதில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல், இரண்டு ஆண்டுக்குள் திரும்பக் கேட்க வேண்டும் என்பது நிபந்தனை.

பணம் போய், ரசீது வராதபோது

கணக்கில் பணம் கழிந்து திரை நின்றுவிட்டால் உடனே மறுபடி கட்டாதீர்கள். இ-சலான் தளத்தில் நிலுவைப் பரிவர்த்தனையைச் சரிபார்க்கும் வசதி உண்டு; கேரள இ-ட்ரெஷரியில் ஜிஆர்என் எண்ணைக் கொடுத்து நிலையைப் பார்க்கலாம். ஜிஎஸ்டியில் 24 மணி நேரத்துக்குள் சின் எண் வராவிட்டால் பிஎம்டி-07 படிவத்தில் குறையைப் பதியுங்கள். வங்கிக்குப் போகும்போது யுபிஐ பரிவர்த்தனை எண் உள்ள ஸ்கிரீன்ஷாட்டை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

எல்லை தாண்டிவரும் வசூல்

அந்த மாநிலத்து நிலுவை இங்கே வந்து என்ன செய்யும் என்ற நம்பிக்கை இந்தப் பக்கம் பரவலாக உண்டு. 1890-ஆம் ஆண்டின் வருவாய் மீட்புச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. அதன் 3-ஆம் பிரிவின்படி, ஒரு மாவட்டக் கலெக்டர் நிலுவைச் சான்று ஒன்றை மற்றொரு மாவட்டக் கலெக்டருக்கு, அவர் வேறு மாநிலத்தில் இருந்தாலும், அனுப்பலாம். பெற்றவர் அதைத் தம் மாவட்டத்து நில வரி நிலுவைபோலவே வசூலிப்பார். கோவையில் விட்ட பாக்கிக்குச் சித்தூர் தாலூகாவில் உள்ள தோப்பு ஜப்திக்கு வரக்கூடும்.

அப்படி ஒரு நோட்டீஸ் வந்து, அந்தத் தொகை உங்களுடையது அல்ல என்று நீங்கள் கருதினால், அதே சட்டத்தின் 4-ஆம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. ஆட்சேபத்தை எழுத்தில் தந்து, கையொப்பமிட்டு, அதன் பேரில் பணம் கட்டலாம். ஜப்தி நின்றுவிடும், பின்னர் அந்தத் தொகையைத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடரும் உரிமையும் இருக்கும். ஆட்சேபக் கடிதம் பணம் கட்டும் அதே வேளையில் கொடுக்கப்பட வேண்டும். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தால் செல்லாது. ஆகவே தாலூகா அலுவலகத்துக்குப் போகும்போதே இரண்டு பிரதிகள் எழுதி எடுத்துச் சென்று, ஒன்றைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்கி, பணம் கட்டிய ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.